பூனைகளுக்கான மீன் தின்பண்டம்

பூனைகளுக்கான மீன் தின்பண்டம் என்பது வேகவைத்த மீன் சதையுடன் சிறிதளவு மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மிதமான சூட்டில் ஈரம் வற்றும்வரை சுட்டெடுக்கும் உணவாகும். வளர்ப்புப் பூனையைப் பழக்கவும், அதற்கு மருந்து கொடுக்கவும், உணவில் நாட்டம் குறைந்த பூனையைச் சாப்பிடத் தூண்டவும் இது பயன்படுகிறது. இது முழு உணவு ஆகாது. அன்றாட உணவுக்கு மேல் சிறிதளவு கொடுக்கப்படும் பண்டம் மட்டுமே.

பூனை உணவு பற்றி வீடுகளில் நிலவும் இரண்டு நம்பிக்கைகள், பால் பூனைக்கு நல்லது என்பதும், மீன் மட்டும் இருந்தால் பூனைக்குப் போதும் என்பதும் ஆகும். இரண்டுமே பூனையின் உடலமைப்புக்குப் பொருந்துவதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் மீன்களையும் சமையல் பாத்திரங்களையும் கொண்டு இப்பண்டத்தைச் செய்யும் முறையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும், அதில் கவனிக்க வேண்டிய அபாயங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் உணவும்

ராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். ராஜபாளையம் தன் பெயரைத் தாங்கிய வெள்ளை நிற வேட்டை நாய் இனத்தால் நாடு முழுவதும் அறியப்பட்டது. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட நாய் இனங்கள் பற்றிய அஞ்சல்தலைகளில் அதுவும் ஒன்று. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றது. திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

இனப் பெயரும் அஞ்சல்தலையும் பெற்ற நாய்க்குத் தீவனம், வளர்ப்பு முறை பற்றியெல்லாம் பேசப்படுகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு திரியும் நாட்டுப் பூனைக்கு மிஞ்சிய சோறும், மீன் கழுவிய இடத்தில் கிடைக்கும் குடலும் தலையுமே பெரும்பாலும் உணவாகின்றன. அரிசி மண்டியிலும் மளிகைக் கடையிலும் எலிக்குக் காவலாக வளரும் பூனைகளுக்கு வேட்டை உணவு கிடைத்துவிடும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் தட்டில் நாம் வைப்பதே அதன் முழு ஊட்டம்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எனவே இங்குள்ள மீன் கடைகளில் இருவகை மீன்களைக் காணலாம். ஒன்று, கண்மாய்களிலும் அணைகளிலும் வளரும் கட்லா, ரோகு, திலேப்பியா, விரால், கெளுத்தி போன்ற நன்னீர் மீன். மற்றொன்று, தூத்துக்குடி முதலிய கரைகளிலிருந்து பனிக்கட்டியில் வரும் சாளை, அயிலை, நெத்திலி, சூரை போன்ற கடல் மீன். இவற்றுடன் சந்தைகளில் கருவாடும் தாராளமாகக் கிடைக்கிறது. பூனைப் பண்டத்துக்கு எதை எடுப்பது என்பதைத் தீர்மானிக்க, முதலில் பூனையின் நாவையும் உடலையும் அறிய வேண்டும்.

பூனைக்கு மீன் ஏன் பிடிக்கிறது

வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். சைப்ரசு தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதருடன் புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூட்டை ஆய்வாளர்கள் 2004-இல் அறிவித்தனர். பாலைவன ஓரத்தில் எலியும் பல்லியும் பறவையும் தின்று வாழ்ந்த விலங்கு அது. மீன் அதன் இயற்கை உணவாக இருக்க வழியில்லை. ஆயினும் இன்றைய பூனை மீன் வாசனைக்கு ஓடிவருகிறது.

இதற்கான விடை நாவின் சுவை உணரிகளில் உள்ளது. அமெரிக்காவின் மோனெல் வேதிப்புலன் மைய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இனிப்பை உணரத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. எனவே பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிலையத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இறைச்சிச் சாற்றின் சுவையாகிய உமாமியை உணரும் உணரி பூனையின் நாவில் முழுமையாக இருப்பதைக் காட்டியது. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலமும், இனோசினேட்டு என்னும் சேர்மமும் சேர்ந்திருக்கும் நீரைப் பூனைகள் பெரிதும் விரும்பின. இவ்விரண்டும் சூரை மீனில் மிகுதியாக உள்ளன. சுருங்கச் சொன்னால், இரத்தமும் சதையும் உள்ள இரையைக் கண்டறிய உருவான நாக்கு, அதே சுவை செறிந்திருக்கும் மீனையும் விரும்புகிறது.

பிடித்த உணவு எல்லாம் ஏற்ற உணவு ஆகிவிடாது. இது மனிதருக்கும் பூனைக்கும் பொதுவானது.

பாலும் பால்கோவாவும்

தமிழ் மனத்தில் பூனையும் பாலும் பிரியாதவை. பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையைத் தமக்கு உவமையாகக் கம்பர் தம் அவையடக்கத்தில் கூறுகிறார். தெனாலிராமன் கதைகளிலும் பாலுக்கு அஞ்சும் பூனை வருகிறது. பூனை பாலை விரும்புவது உண்மையே. ஆனால் அது விரும்புவது பாலின் கொழுப்பையும் புரதத்தையும்தான்.

குட்டிப் பருவத்தில் தாய்ப்பாலின் சர்க்கரையாகிய லாக்டோசைச் செரிக்கும் நொதி பூனையின் குடலில் நிறைய சுரக்கிறது. பால் மறந்த பிறகு அது படிப்படியாகக் குறைகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பாலோ எருமைப்பாலோ வயிற்றுப்போக்கை உண்டாக்குவது இதனால்தான். பால்கோவா என்பது பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்தது. பாலில் இருந்த லாக்டோசு அதில் செறிவாக இருக்கும், அதற்கு மேல் சேர்த்த சர்க்கரையும் இருக்கும். அந்த இனிப்பைப் பூனையால் சுவைக்கக்கூட இயலாது. ஒரு விரல் நுனி அளவு நக்கிவிட்டால் பதற வேண்டியதில்லை என்றாலும், பழக்கமாகக் கொடுப்பது பயனற்றது, வயிற்றுக்கும் கேடு. வீட்டுப் பூனைக்கு ஏதேனும் சிறப்பாகக் கொடுக்க விரும்புவோருக்கு மீன் பண்டமே பொருத்தமான மாற்று.

மீனில் உள்ள அபாயங்கள்

மீனை மட்டுமே உணவாகக் கொடுத்தாலோ, தவறான முறையில் கொடுத்தாலோ பூனைக்குப் பின்வரும் கேடுகள் விளையலாம்.

தயாமின் குறைபாடு: சில மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் தயாமினேசு என்னும் நொதி உள்ளது. இது தயாமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. பச்சை மீனை நாள்தோறும் தின்னும் பூனை முதலில் உணவை ஒதுக்கும். பின் நடை தள்ளாடும், தலை மார்பை நோக்கிக் கவியும், இறுதியில் வலிப்பு வரும். வேகவைத்தால் இந்நொதி அழிந்துவிடும். மீனைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம். பச்சை நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழுக்களும் இருக்கலாம்.

மஞ்சள் கொழுப்பு நோய்: சாளை, சூரை போன்ற கொழுப்பு மீன்களை மட்டுமே நீண்ட நாள் தின்னும் பூனையின் உடலில் வைட்டமின் ஈ தீர்ந்துபோகும். அப்போது தோலடிக் கொழுப்பு அழன்று கட்டிபட்டு மஞ்சளாகிறது. பூனையைத் தொட்டாலே வலியால் கத்தும்.

டாரின் இழப்பு: டாரின் என்பது பூனை தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாத சேர்மம். இது குறைந்தால் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பது 1975-இல் கண்டறியப்பட்டது. இதயத் தசை விரிந்து பலவீனமாகும் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினர். அதன் பிறகே உலகெங்கும் பூனைத் தீவனங்களில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. மீனில் டாரின் உண்டு. ஆனால் அது நீரில் கரையும். மீனை அவித்து நீரைக் கொட்டிவிட்டால் டாரினில் ஒரு பகுதியும் சாக்கடைக்குப் போகிறது.

ஹிஸ்டமின் நஞ்சு: சாளை, அயிலை, சூரை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் மிகுதி. பூனைக்குச் சுவை தருவதும் அதுவே. பனிக்கட்டி இல்லாமல் மீன் வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் ஆக மாற்றுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போவதில்லை. கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில், கோடைக் காலத்தில் இது முக்கியமானது. மாலையில் மலிவாகத் தள்ளிவிடப்படும் பழைய மீனைப் பூனைக்குத்தானே என்று வாங்குவது தவறு.

உப்பு: கருவாட்டைக் கெடாமல் காப்பது உப்பு. நான்கு கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு அந்த உப்பு மிக அதிகம். தாகத்தை உண்டாக்கி, சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சுமையாகும்.

எலும்பு: பெரிய மீனின் வெந்த முள் தொண்டையிலும் குடலிலும் குத்தும். பூனைக்கு மீன் முள் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை சரியன்று.

சேர்க்கக் கூடாதவை

மீன் குழம்பில் மிஞ்சிய துண்டைச் சோற்றில் பிசைந்து பூனைக்கு வைப்பது பல வீடுகளின் வழக்கம். அதில் உள்ள புளியும் மிளகாயும் வயிற்றை வருத்தும். வெங்காயமும் பூண்டும் அதைவிடப் பெரிய ஆபத்து. இவற்றின் கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகையை உண்டாக்குகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் இரத்தத்தைப் பாதிக்கப் போதுமானது எனக் கால்நடை நச்சியல் நூல்கள் கூறுகின்றன. நான்கு கிலோ பூனைக்கு இது 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் இந்த நச்சுத்தன்மை போவதில்லை. பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது. சிறிது சிறிதாகப் பல நாள் உண்டாலும் விளைவு சேர்ந்துகொண்டே போகும். ஈறு வெளிறுதல், சோர்வு, மூச்சு வாங்குதல், சிறுநீர் செந்நிறமாதல் ஆகியன அறிகுறிகள்.

எனவே பூனைப் பண்டத்தில் வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகாய், புளி, மசாலாப் பொடி, சர்க்கரை ஆகிய எதையும் சேர்க்கக் கூடாது. குழம்பு வைக்கும் நாளில் மசாலா தடவுவதற்கு முன்பே பூனைக்கான துண்டுகளைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. அடைத்து விற்கப்படும் சூப்புப் பொடி, கனசதுரச் சாற்றுக்கட்டி ஆகியவற்றிலும் உப்பும் வெங்காயமும் இருக்கும்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

சிறிய மீன்கள் விரைவில் வளர்ந்து குறைந்த காலமே வாழ்வதால் அவற்றில் பாதரசம் குறைவாகச் சேர்கிறது. வஞ்சிரம், பெரிய சூரை, சுறா போன்ற வேட்டை மீன்களில் அது அதிகம் சேர வாய்ப்பு உண்டு. எனவே சிறிய கடல் மீனும் கண்மாய் மீனும் பண்டத்துக்கு ஏற்றவை.

திலேப்பியா விலை குறைந்தது, கொழுப்பும் குறைவு, முள் நீக்குவது எளிது. கட்லா, ரோகு ஆகியவற்றில் ஒய் வடிவச் சிறுமுட்கள் சதைக்குள் சிதறியிருப்பதால் கையால் நன்கு தடவிப் பார்க்க வேண்டும். சாளையில் வாசனை மிகுதி, அதனால் அடம்பிடிக்கும் பூனைகளுக்கு ஏற்றது. கொழுப்பும் மிகுதி என்பதால் திலேப்பியாவுடன் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கிக் குக்கரில் வேகவைத்தால் முள் குழைந்துவிடும். கண் தெளிவாகவும், செவுள் சிவந்தும், சதை அழுத்தினால் மீண்டெழுவதாகவும் உள்ள மீனே புதிய மீன்.

கருவாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அப்போதும் அதை முதன்மைப் பொருளாக்குவது நல்லதன்று. சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்துச் செய்யப்படும் மாசிக் கருவாடு உமாமிச் சுவை செறிந்தது. அதன் பொடியில் ஒரு சிட்டிகை, பண்டத்தின் மணத்தைக் கூட்டப் போதும். அதிலும் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

தேவையான பொருள்கள்

முள் நீக்கிய வெந்த மீன் சதை: 200 கிராம் (முழு மீனாக வாங்கினால் ஏறத்தாழ 450 கிராம் தேவைப்படும்)
கோதுமை மாவு அல்லது அரிசி மாவு: 60 கிராம்
முட்டை: 1
மீன் வெந்த நீர்: 2 முதல் 3 மேசைக்கரண்டி

மாவு இங்கே துண்டுகள் உதிராமல் பிடித்துவைக்க மட்டுமே சேர்கிறது. பூனை ஊன் உண்ணும் விலங்கு. மாவுச்சத்து அதன் உடலுக்குத் தேவையான ஊட்டம் அன்று. மாவின் அளவை இதற்கு மேல் கூட்டினால் பண்டம் மொறுமொறுப்பாகும், ஆனால் மீன் மணம் குறையும், பூனையும் ஒதுக்கும்.

செய்முறை

மீனைச் செதில், குடல், செவுள் நீக்கிக் கழுவி, 100 மில்லிலிட்டர் தண்ணீருடன் குக்கரில் வைத்து மிதமான தீயில் வேகவைக்க வேண்டும். பெரிய மீன் துண்டுகளுக்கு இரண்டு விசில் போதும். நெத்திலி, சாளை ஆகியவற்றின் சிறு முட்கள் குழைய 20 நிமிடம் தேவை. இட்லிக் கொப்பரையில் தட்டில் வைத்தும் அவிக்கலாம். அப்போது தட்டில் வடியும் சாற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெந்த நீரைக் கொட்டாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். மேலே கூறிய டாரின் அதில் கரைந்திருக்கிறது.

ஆறிய மீனிலிருந்து நடுமுள்ளையும் விலா முட்களையும் நீக்கி, சதையை விரல்களால் சிறிது சிறிதாக நசுக்கிப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரலே முள்ளை நன்றாகக் கண்டுபிடிக்கும். பின்பு அம்மியிலோ மிக்சியிலோ விழுதாக அரைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, மாவைத் தூவி, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைய வேண்டும். இறுகினால் மீன் நீரைத் தெளிக்கலாம்.

மாவைச் சற்றே எண்ணெய் தடவிய தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, கத்தியால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாகக் கீறிவிட வேண்டும். இந்த அளவில் ஏறத்தாழ 250 துண்டுகள் கிடைக்கும்.

ஓவன் இருந்தால் 160 முதல் 170 பாகை செல்சியசு வெப்பத்தில் 25 நிமிடம் சுட வேண்டும். பாதி நேரத்தில் துண்டுகளைப் பிரித்துத் திருப்பிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காயும். சுட்ட பின் வெப்பத்தை நிறுத்திவிட்டு, உள்ளேயே அரைமணி நேரம் விட்டால் எஞ்சிய ஈரமும் வற்றும். பேக்கரிகளில் ரொட்டியை நறுக்கி மீண்டும் சூளையில் வைத்து ரஸ்க் ஆக்குவதும் இதே முறைதான்.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான பழைய வாணலி அல்லது அடிகனத்த பாத்திரம் போதும். அடியில் ஓர் அங்குல உயரத்துக்குச் சுத்தமான மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு சிறு முக்காலி வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பின் தட்டை முக்காலிமேல் வைத்து மூடி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் சுட வேண்டும். உப்பு தட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோசைக்கல்லில் சுட்டால் வெளிப்புறம் கருகி உள்ளே ஈரம் நிற்கும். எனவே அப்படிச் செய்ததை அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

விருதுநகர் மாவட்டத்து வெயில் கடுமையானது என்றாலும், மாவை வெயிலில் மட்டும் காயவைத்துப் பண்டம் செய்யக் கூடாது. உப்பில்லாத மீன் மாவு காய்வதற்கு முன்பே அதில் ஈயும் நுண்ணுயிரும் பெருகிவிடும். கருவாட்டில் உப்பு செய்யும் வேலையை இங்கே அடுப்பின் சூடு செய்ய வேண்டியுள்ளது.

கொடுக்க வேண்டிய அளவு

பண்டங்களிலிருந்து பூனைக்குக் கிடைக்கும் ஆற்றல் அதன் ஒருநாள் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் வரம்பு. நான்கு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள் வாழும் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி தேவை. ஆகவே பண்டத்துக்கான பங்கு 20 கிலோகலோரி.

மேலே கூறிய அளவில் மீன் ஏறத்தாழ 240, மாவு 210, முட்டை 70, ஆக மொத்தம் 520 கிலோகலோரி. இதை 250 துண்டுகளால் வகுத்தால் ஒரு துண்டுக்கு இரண்டு கிலோகலோரி வரும். எனவே ஒருநாள் உச்சவரம்பு பத்துத் துண்டுகள். வீட்டில் நான்கு பேர் இருந்து ஆளுக்கு ஐந்து துண்டு கொடுத்தால் பூனைக்கு அது இருமடங்கு ஆகிவிடும். அன்றைய பங்கைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, தீர்ந்தால் அவ்வளவுதான் என வைத்துக்கொள்வது எளிய வழி. பண்டம் கொடுத்த நாளில் உணவையும் அதற்கேற்பச் சற்றுக் குறைக்க வேண்டும்.

சேமிப்பு

இப்பண்டத்தில் உப்போ வேறு பதப்படுத்தும் பொருளோ இல்லை. முழுதும் ஆறிய பின் காற்றுப்புகாத டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் இருக்கும். உறைநிலைப் பகுதியில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். 250 துண்டுகள் ஒரு பூனைக்கு 25 நாளுக்கு வரும் என்பதால், ஐந்து நாளுக்குரியதை வெளியே வைத்து எஞ்சியதை உறையவைப்பது நல்லது. சூடு ஆறும் முன் மூடினால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்டால் அந்தத் துண்டை மட்டும் எடுத்தெறியாமல் டப்பா முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

புதிய பண்டத்தை முதல்நாள் ஒரு துண்டு மட்டும் கொடுத்து, ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சில பூனைகளுக்கு மீன் ஒவ்வாது. அரிப்பு, முடி உதிர்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு காணப்பட்டால் நிறுத்திவிட வேண்டும்.

பாலைவன முன்னோரின் இயல்பால் பூனை குறைவாகவே தண்ணீர் குடிக்கும். காய்ந்த பண்டம் நீர் தருவதில்லை. மீன் வெந்த உப்பில்லாத நீரை ஆறவைத்து இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தால் பண்டத்தின் சுவையும் கிடைக்கும், நீரும் உள்ளே போகும். இந்நீரைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தும் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் சுடாத மாவில் மூன்று சிறு உருண்டைகளைப் பிடித்து ஆவியில் வேகவைக்கலாம். ஆறியதும் ஒன்றில் மட்டும் மாத்திரையைப் புதைக்க வேண்டும். முதல் உருண்டையில் மாத்திரை இல்லாமலும், இரண்டாவதில் மாத்திரையுடனும், மூன்றாவதை உடனே நீட்டியும் கொடுத்தால் பூனை சந்தேகப்படாமல் விழுங்கும். ஆனால் அந்த மாத்திரை கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்ததாக இருக்க வேண்டும். மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையாகிய பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கப் போதும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

மீன் பண்டத்தைக் கண்டும் முகம் திருப்பும் பூனை, பெரும்பாலும் நோயுற்ற பூனை. இரண்டு மூன்று நாள் எதுவும் உண்ணாமல் இருந்தால், குறிப்பாகப் பருத்த பூனைகளில், உடல் கொழுப்பு ஈரலில் சேர்ந்து ஈரல் செயலிழக்கலாம். அடம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும் நிலை இது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்க் கல், நீரிழிவு உள்ள பூனைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் இப்பண்டத்தைக் கொடுக்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனைகள் தவிர, தென் மாவட்டத்தினருக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

காட்டோரக் கவனம்

திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஊர்களின் மேற்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அமைக்கப்பட்டது. 2021-இல் அது திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம் இது. அடிவாரத் தோப்புகளிலும் சிற்றூர்களிலும் பூனை வளர்ப்போர் மீன் பண்டத்தையும் மீன் கழிவையும் வீட்டுக்கு வெளியே வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்த வாசனைக்குத் தெருநாய், கீரி, காட்டுப்பன்றி ஆகியன வரும். அங்கு திரியும் வீட்டுப் பூனை அணில்களையும் பறவைகளையும் வேட்டையாடும். வீட்டுப் பூனையின் தொற்றுநோய்கள் காட்டிலுள்ள சிறு பூனை இனங்களுக்கும் பரவக்கூடும்.

பண்டத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில், மாலை இருட்டுவதற்கு முன், வீட்டுக்குள் வைத்துக் கொடுத்துவந்தால் பூனை அந்நேரத்துக்குத் தானே வீடு திரும்பப் பழகும். டப்பாவைக் குலுக்கும் ஒலியைக் கேட்டு வரவும் பழக்கலாம். இரவில் கதவை மூடிவிட்டால் நாய்க்கடியிலிருந்தும் வாகனத்திலிருந்தும் பூனை காக்கப்படும், காட்டுயிரும் பூனையிடமிருந்து காக்கப்படும். பத்துத் துண்டு மீன் பண்டத்தால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுவாக இருக்கலாம்.